விழுவது யாருடையது?

1

2025 மே 10, சனிக்கிழமை. கத்திரி வெயில். மதியம் பன்னிரண்டு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கையில், வேலூருக்குக் கிழக்கே, ஏறக்குறைய இதே அட்சரேகையில், வங்காள விரிகுடாவின் மேலே ஒரு விண்கலம் காற்று மண்டலத்துக்குள் இறங்கியது. 53 வருஷமாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த சோவியத் கலம் அது. காஸ்மோஸ் 482 என்று பெயர். அந்த நேரத்தில் நான் பாகாயம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அது விழப்போகிற செய்தியை ஒரு வாரமாக விடாமல் படித்துக்கொண்டிருந்தவன்தான். ஆனாலும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மே மாத மதியத்தில் வேலூர்க்காரன் எவனும் வானத்தைப் பார்ப்பதில்லை.

அதே நாளில் வடக்கே, எல்லையின் இரண்டு பக்கமும், ஜனங்கள் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்திய–பாகிஸ்தான் சண்டையின் நான்காம் நாள். மேலே எது பறக்கிறது, எது விழும், யாருடையது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சனை. மாலையில் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. காஸ்மோஸ் விழுந்த செய்தி அந்தச் சத்தத்தில் நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது.

வானத்திலிருந்து ஒன்று விழுவதைப் ‘பார்ப்பது’ என்றால் என்ன? கண்ணால் காண்பது மட்டும்தானா? விழுகிற பொருளுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், அந்தப் பெயர் யாரைக் காப்பாற்றுகிறது? இந்தக் கேள்விகளை அறிவியல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு இலக்கியக்காரர்களும் இயக்கக்காரர்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். தோல் பதனிடும் தொழிலின் கழிவுக்கு நடுவே வாழ்கிறவர்கள் நிச்சயமாக ஒதுங்க முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடலாம்.

2

பூமியைத் தாழ்வாகச் சுற்றுகிற கலம் வினாடிக்கு ஏறக்குறைய 7.8 கி.மீ. வேகத்தில் போகிறது. மணிக்கு 28,000 கி.மீ. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தினால் அதன் வேகம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. கலத்துக்குக் காற்றுதான் பிரேக். இவ்வளவு வேகமும் சூடாக மாறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இரும்பும் ஆவியாகிப் போகிற அளவு வரும்.

காற்றோடு ‘உராய்வதால்’ எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மை. கலம் வருகிற வேகத்துக்கு, முன்னால் இருக்கிற காற்றால் விலகி வழிவிட முடிவதில்லை, அப்படியே அமுங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அந்தச் சூடுதான். இங்கே அது ஆயிரக்கணக்கான டிகிரி. காற்றின் அணுக்களே உடைந்து மின்னூட்டம் பெற்று ஒளிர்கின்றன. தரையிலிருந்து நாம் பார்க்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதி இந்தக் காற்றினுடையது.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜூலியன் ஆலன் ஒரு தலைகீழ் உண்மையைக் கண்டுபிடித்தார். ஊசிமுனையாக இருக்கும் கலம்தான் சீக்கிரம் அழியும். மொட்டையாக, பருத்த முகத்தோடு வருவது தப்பிக்கும். மொட்டை முகம் தனக்கு முன்னால் அமுங்கிய காற்றைக் கவசம் போலத் தள்ளிக்கொண்டு வருவதால் சூட்டின் பெரும்பகுதி பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. மிச்சத்தை வெப்பக் கவசம் வாங்கிக்கொள்கிறது. கவசம் கருகும், உரியும், உரிந்துபோகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நம் நாட்டில் 2007 ஜனவரி 22 அன்று இஸ்ரோ இதைச் செய்து காட்டியது. 12 நாள் சுற்றிய 550 கிலோ எடையுள்ள கலம் ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கி.மீ. தூரத்தில் கடலில் இறங்கி முழுசாகக் கிடைத்தது. கவசத்தில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியாவில் பார்த்தோம். இடது இறக்கையில் விழுந்த ஒரு ஓட்டை வழியாகச் சூடான வாயு உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர். அமெரிக்காவின் டெக்சாஸில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் ஒரு வெளிச்சம் பலவாகப் பிரிவதைப் பார்த்தார்கள். அது சாவு என்று அந்த நிமிஷத்தில் அவர்களுக்குத் தெரியாது.

எரிநட்சத்திரத்தையும் கலத்தையும் வெறும் கண்ணால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. எரிகல் வினாடிக்கு 11 கி.மீ. முதல் 72 கி.மீ. வரையிலான வேகத்தில் வரும். பெரும்பாலும் ஓரிரு வினாடியில் முடிந்துபோகும். கலம் அவ்வளவு வேகமில்லை. சாய்வாக, நிதானமாக, ஒரு நிமிஷமோ அதற்கு மேலோ வானத்தைக் குறுக்கே கடக்கும். கடக்கும்போதே துண்டு துண்டாகி ஊர்வலம் போல நீளும். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஜனங்கள் செல்போனில் படம்பிடித்தது இத்தகைய ஊர்வலம். சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பெரிய உலோக வளையமும் சில உருண்டைகளும் விழுந்து கிடந்தன. சீன ராக்கெட்டின் பாகம் என்று கணித்தார்கள்.

பார்ப்பதற்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட வீழ்ச்சிகளும் உண்டு. 2010 ஜூன் 13 அன்று ஜப்பானின் ஹயபுசா, இட்டோகாவா என்ற சிறுகோளின் தூசியோடு ஆஸ்திரேலியாவின் வூமரா பாலைவனத்துக்கு மேலே வந்தது. நாசா ஒரு விமானம் நிறையக் கருவிகளோடு மேலே காத்திருந்தது. தாய்க்கலம் வெடித்துச் சிதறி ஆயிரம் பொறியாகிறது; அதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தனியாக ஓடுகிறது. தூசி இருக்கிற பேழை அது. அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. காஸ்மோஸுக்கு விமானமும் இல்லை, அழ ஆளும் இல்லை. 80 கி.மீ. உயரத்தில் எரிகிற பொருளைச் சமதரையில் நிற்பவர் 1,000 கி.மீ. தூரம் வரை பார்க்கலாம் என்கிறது கணக்கு. ரஷ்யர்கள் சொன்ன இடம் மத்திய அந்தமான் தீவுக்கு மேற்கே 560 கி.மீ.; வேலூரிலிருந்து 900 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஆக, கணக்குப்படி அது எங்கள் கீழ்வானத்தின் விளிம்பை உரசியிருக்க வேண்டும். நடுவில் மலை, புழுதி, உச்சிவெயில். பார்த்திருக்க முடியாது. ஆனால் பார்வையின் எல்லைக்குள்தான் இருந்தது.

3

இப்போது அந்தக் கலத்தின் பெயருக்கு வருவோம். 1972 மார்ச் 31 அன்று பைக்கனூரிலிருந்து வெள்ளிக் கிரகத்துக்குப் போவதற்காக ஏவப்பட்டது. நான்கு நாள் முன்னால், மார்ச் 27 அன்று, கிளம்பிய அதன் இரட்டைப்பிறவிக்கு வெனரா 8 என்று பெயர். அது ஜூலை 22 அன்று வெள்ளியில் இறங்கி, அந்த உலைக்குள்ளிருந்து 50 நிமிஷம் பேசியது. இரண்டாவது பிறவிக்கு மேலடுக்கு எஞ்சின் சீக்கிரமே அணைந்துபோக, பூமியைச் சுற்றும் நீள்வட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. உடனே பெயர் மாறியது. பூமியை விட்டு வெளியேறத் தவறிய கோள்கலங்களுக்கெல்லாம் ‘காஸ்மோஸ்’ என்று பொதுப்பெயரும் ஒரு எண்ணும் கொடுத்துவிடுவது சோவியத் வழக்கம். வெனரா என்று சொன்னால் எங்கே போகக் கிளம்பியது என்ற கேள்வி வரும். காஸ்மோஸ் என்றால் வராது. தோல்வியை மறைக்க ஒரு பெயர்ச்சொல் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இலக்கணப் புத்தகத்திலும் கிடைக்காது.

சில நாளில் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் பக்கத்து வயல்களில் டைட்டானியத்தாலான உருண்டைகள் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றும் பதிமூன்று பதினாலு கிலோ. சோவியத் அரசு தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டது. உரிமை கோர ஆளில்லாததால் அவை வயல்காரர்களுக்கே போய்ச்சேர்ந்தன.

மிஞ்சியது இறங்குகலம். ஏறக்குறைய 495 கிலோ, ஒரு மீட்டர் குறுக்களவு. வெள்ளியின் காற்று மண்டலத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. பூமியின் நூறு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே மற்ற குப்பைகளைப் போல எரிந்துபோகாமல் முழுசாகத் தரையைத் தொடக்கூடும், மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் என்று கணித்திருந்தார்கள். எங்கே என்பதுதான் பிரச்சனை. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 52 டிகிரிவரை போய்வந்தது. அதாவது மனிதர்களில் பெரும்பாலோர் வாழ்கிற இடமெல்லாம் அதில் அடக்கம். மேலே காற்றின் அடர்த்தி சூரியனின் கொதிப்பைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுகிறது. ஒரு மணி நேரம் கணக்குப் பிசகினால் இடம் 28,000 கி.மீ. பிசகிவிடும். ஜெர்மனியின் ரேடார் ஒரு சுற்றில் அதைப் பார்த்தது. அடுத்த சுற்றில் காணோம். அவ்வளவுதான். ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக ரஷ்யா சொன்னது. வேறு அமைப்புகளின் கணிப்புகள் வேறாக இருந்தன. கண்ணால் கண்ட சாட்சி யாரும் உறுதிப்படவில்லை.

இங்கு கவனிக்க வேண்டிய ஒரு தேதி உண்டு. விண்பொருட்களால் நேரும் சேதத்துக்கான பொறுப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது 1972 மார்ச் 29 அன்று. காஸ்மோஸ் 482 கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால். அதன்படி ஏவிய நாட்டின் பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால் அந்த நாட்டுக்கு முழுப்பொறுப்பு. தப்பு யாருடையது, கவனக்குறைவு உண்டா இல்லையா என்றெல்லாம் பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. உன்னுடையது விழுந்தது, நீ கொடு. 1978 ஜனவரி 24 அன்று அணு உலையோடு கனடாவில் விழுந்த காஸ்மோஸ் 954க்காகக் கனடா 60 லட்சம் டாலர் கேட்டு, 1981இல் 30 லட்சத்துக்குச் சோவியத்தைச் சம்மதிக்க வைத்தது. 1991இல் சோவியத் என்கிற நாடே இல்லாமல் போனது. பொறுப்பு போகவில்லை; ரஷ்யா அதைச் சுமக்கிறது. 2023இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்கரையில் ஒதுங்கிய உலோக உருளை தங்கள் ராக்கெட்டினுடையது என்று இஸ்ரோவும் ஒத்துக்கொண்டது. வானத்துச் சட்டத்தில் அநாதைப் பொருள் கிடையாது.

4

பூமிச் சட்டத்துக்கு வருமுன் ஒரு பழைய பிரதி. புறநானூற்றின் 229ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாத நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் விழுகிறது. விண்மீன்களின் நிலையைத் துல்லியமாகச் சொல்லிவிட்டு, பார்த்தவர்கள் அஞ்சியதைச் சொல்கிறார் புலவர். மன்னனுக்குக் கேடு வராதிருக்க வேண்டுமே என்று பதறுகிறார்கள். ஏழாம் நாள் வருகிறது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். நம் தமிழ் வகுப்புகளில் இதைக் கையறுநிலை என்று குறித்துவிட்டு, பண்டைத் தமிழரின் வானியல் அறிவு என்று ஒரு வரி பெருமை சேர்த்து முடித்துவிடுவோம். மறுவாசிப்பில் எனக்குப் படுவது வேறு. அங்கே வானம் அரசனின் சொந்த ஏடு. மீன் விழுந்தால் அது அவனைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அன்றிரவு அதே வானத்தின் கீழே செத்துப்போன உழவனுக்கு மீன் விழுவதில்லை.

இதற்கு எதிர்ப்பிரதி என் ஆயாவிடம் இருந்தது. 1979 ஜூலையில் 77 டன் எடையுள்ள அமெரிக்காவின் ஸ்கைலேப் விழப்போகிறது என்று நாடே பதறியது. கடைசியில் 11ஆம் தேதி இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. எஸ்பரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதினார்கள். எப்படியும் சாகப்போகிறோம் என்று இருந்த கோழியையெல்லாம் அடித்துத் தின்றார்கள் என்று நம் பக்கத்தில் இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆயா மட்டும் சிரிக்க மாட்டாள். “அடப் போடா, எங்கூட்ல கோழி ஏது அடிக்கறதுக்கு? ஆகாசத்துலேர்ந்து வுழறதுக்கு பயந்துக்கினு இருந்தா டேனரிக்கு யாரு போறது? அன்னிக்கும் போயி சுண்ணாம்புக் குழியில எறங்கிட்டுத்தான் வந்தாரு உங்க தாத்தா” என்பாள். வீழ்ச்சியின் பெருங்கதையாடலில் பங்கெடுக்கக்கூட ஒரு கோழி வேண்டியிருக்கிறது.

5

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. அன்று வேலூர் மாவட்டம். 2019க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென்று ஒரு வெடிப்பு. கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். மேலும் சிலருக்குக் காயம். கண்ணாடிகள் நொறுங்கின. நிலத்தில் ஒரு பள்ளம். மறுநாள் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அறிக்கை, விண்கல் விழுந்து இறந்தார் என்றது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தி. விண்கல்லால் இறந்த, பதிவான முதல் மனிதர் என்று தலைப்புப் போட்டார்கள். நாசா விஞ்ஞானிகள் இணையத்தில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, நிலத்தில் நடந்த வெடிப்பைப் போலத்தான் தெரிகிறது என்றார்கள். பெங்களூரிலிருந்து வானியல்காரர்கள் வந்தார்கள். கிடைத்தது சில கிராம் எடையுள்ள ஒரு கருப்புக் கல்.

மேலே சொன்ன இயற்பியலை இங்கே பொருத்திப் பாருங்கள். சின்னக் கல் தரையை நெருங்கும்போது அதன் விண்வேகம் முழுவதையும் காற்று தின்றுவிட்டிருக்கும். மாடியிலிருந்து போட்ட கல்லின் இனம்தான் அது. தலையில் விழுந்தால் சாவு வரலாம். ஆனால் அது வெடிக்காது, சுற்றுவட்டாரக் கண்ணாடியை நொறுக்காது. அவ்வளவு வேலை செய்யப் பெரிய கல் வேண்டும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த கல் 20 மீட்டர் அளவு. 1,500 பேர் காயம்பட்டார்கள். பட்டப்பகலில் இன்னொரு சூரியனைப் போல அது ஒளிர்ந்ததை எத்தனையோ காமிராக்கள் பதிவுசெய்தன. நாட்றம்பள்ளிக்கு நேர்கோட்டில் 40 கி.மீ.க்குள் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986இல் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்ட, 2.34 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சந்தேகம் வருவதற்கு முன்னால் அறிக்கை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எது வெடித்தது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் அக்கறை அந்தச் சொல்லின் மேல். ‘விண்கல்’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது? விண்கல்லுக்கு முதலாளி கிடையாது. ஒப்பந்தக்காரர் கிடையாது. வெடிமருந்து என்றால் யார் வாங்கினார், எங்கே வைத்தார், யார் அனுமதித்தார் என்று ஒரு சங்கிலி நீளும். விண்கலத்தின் துண்டு என்றால் ஒரு நாட்டின் பெயர் வரும், 1972 ஒப்பந்தம் வரும். விண்கல் என்றால் விதி. குடும்பத்துக்குக் கிடைப்பது உரிமை என்பது மாறி, கருணை. கூடலூர் கிழாரின் பாட்டில் மீன் விழுந்தது, பிறகு மன்னன் இறந்தான். இங்கே ஓட்டுநர் முதலில் இறந்தார். மீன் பிறகுதான் விழுந்தது. ஒரு சாமானியனுக்காக வானம் முதன்முதலாக அசைந்ததாகச் சொல்லப்பட்ட போதும், லாபம் அவனுக்கில்லை.

6

இனி பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. எங்கள் வீட்டுச் சோறும் அந்தத் தோலிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் விடிகாலையில் ஷூ கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கிற பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடு நடக்கிறது. இதை மறந்துவிட்டுச் சூழல் பேசுவது மேட்டிமை. ஆனால் சோற்றைக் காட்டிக் கேள்வியை அடைப்பதும் பழைய தந்திரம்தான். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். 2015 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத்தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பலர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று, முதல் தீர்ப்புக்கு 28 வருஷம் கழித்து, அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு அசுத்தம் செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானத்திலிருந்து விழுகிற அரை டன் உருண்டைக்கு, அது யார் தலையிலும் விழுமுன்னரே, சொந்தக்காரர் யாரென்று எழுதிவைத்த சட்டம் உண்டு. ரேடார் உண்டு, நிமிஷக் கணக்கு உண்டு, நாடே அழிந்தாலும் அழியாத பொறுப்பு உண்டு. கிணற்றில் இறங்கிய உப்புக்கும் குரோமியத்துக்கும் அப்படி இல்லை. எந்த ஷாப்பிலிருந்து, எந்த வருஷம், எவ்வளவு என்று கேட்டால், ‘ஆறே அப்படித்தான், மண்ணே அப்படித்தான்’ என்று இயற்கையின் மேல் போட்டுவிடுகிறார்கள். நாட்றம்பள்ளியில் வானம் செய்த வேலையை இங்கே மண் செய்கிறது. பெயரில்லாத விபத்து, முதலாளி இல்லாத விஷம்.

வானத்துச் சட்டமும் நல்லெண்ணத்தால் பிறந்ததில்லை. ஏவுகிறவனின் தலையிலும் அடுத்தவனின் குப்பை விழலாம் என்ற பயம்தான் அதை எழுத வைத்தது. ஸ்கைலேப் விழுந்தால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே கூரைதான். பாலாற்றுத் தண்ணீர் அப்படியில்லை. கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர் அதைக் குடிக்க வேண்டியதில்லை. பயம் பொதுவாக இல்லாத இடத்தில் பொறுப்பும் பொதுவாவதில்லை.

ஆகவே பார்ப்பது என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். விழுவதை அண்ணாந்து வியப்பதும் அஞ்சுவதும் முதல் பாதி. எங்கேயிருந்து கிளம்பியது, யார் ஏவியது, யார் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள், ஏன் பெயரை மாற்றினார்கள் என்று பாதையைப் பின்னோக்கிக் கணிப்பது மறுபாதி. ரேடார்க்காரர்கள் செய்வது அதைத்தான். ஆஷ்பர்ட்டன் வயல்காரர் உருண்டையைத் திருப்பிப் போட்டு எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்திருப்பார் அல்லவா, அதுவும் இதுதான். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அறிக்கைக்காக அலைகிற ஆம்பூர் விவசாயி செய்வதும் வேறில்லை.

மே 10 அன்று மோரைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தபோது மணி பன்னிரண்டேகால் இருக்கும். அதற்குள் காஸ்மோஸ் 482 கடலுக்குள் போயிருக்க வேண்டும். மோர்க்கார அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். “நம்ம மேல வுழல இல்ல?” என்றார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வுழுந்திருந்தா யார்ப்பா காசு குடுப்பாங்கோ?” என்று கேட்டார். சரியான கேள்வி. ரஷ்யாக்காரன் கொடுக்க வேண்டும், சட்டம் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை.